பிஸ்கட்டுக்கு நான் சோறு போடுகிறேன்

மாதேஸ்வரன் துணை

கடத்தூர்

அன்புள்ள பேத்தி கவிப்பிரியாவுக்கு உன் ஆயா ராமக்காள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீ விட்டுப் போன நாயும் சுகம். ஊர் வாய்தான் சுகமில்லை. போனில் சொல்லலாம் என்றால் நான் ஆரம்பித்ததுமே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

பெங்களூர் வீட்டுக்கு இந்த நாய் ஒத்துவருமா வராதா என்று நீயும் மாப்பிள்ளை பிரபாகரும் முடிவு பண்ணும்வரை வைத்துக்கொள் என்றாய். சரி என்றேன். கிரேஹவுண்டு, வெளிநாட்டு ஜாதி என்று பெருமை பேசினாயே, அதற்கு விலா எலும்பு இப்படித் துருத்திக்கொண்டு நிற்கும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

பால் ஊற்றும் இடத்தில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அத்தனை பேர் முன்னால் கேட்கிறாள், என்னங்க பெரிம்மா, பேருதான் பிஸ்கட்டா, திங்க ஒண்ணும் குடுக்கறதில்லீங்களா என்று. இன்னொருத்தி, ராமக்கா வூட்டு நாய்க்கு எக்ஸ்ரேயே வேணாம் என்று சிரிக்கிறாள். யாரைப் பார்த்து? நம் வீட்டில் கை நனைக்காதவர் இந்த ஊரில் உண்டா? பாஞ்சாலி கல்யாணத்துக்குச் சோறு வடித்ததே நான்தான்!

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில் களி, மத்தியானம் கறிச்சோறு, ராத்திரி பாலும் முட்டையும். அதுவும் வஞ்சனையில்லாமல் தின்றது. சதை ஏறவில்லை, வயிற்றால் போனதுதான் மிச்சம். மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருக்கிற டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். அந்தப் பொண்ணு என்னையே திட்டுகிறது. இந்த ஜாதிக்கு எலும்பு தெரிஞ்சாத்தான் ஆரோக்கியம் பாட்டி, குண்டாக்கிக் காலை ஒடிச்சிடாதீங்க என்றது. போடாவிட்டால் ஊர் திட்டுகிறது, போட்டால் டாக்டர் திட்டுகிறாள். டாக்டர் சொன்னதைப் பாஞ்சாலி வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் நம் வீட்டுக்குள் கால் வைத்தேன்.

மாடி வீட்டுக்கு இது ஆகாது, ஓட இடமில்லை, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறாராமே மாப்பிள்ளை? அவர் நாயைச் சரியாகப் பார்த்தாரா? வேலி அடைத்த தக்காளிக் கொல்லையில் விடியக்காலம் அம்பு மாதிரி இரண்டு சுற்று ஓடும். அப்புறம் நாளெல்லாம் என் பழைய சேலைமேல் காலை நீட்டிக்கொண்டு தூங்கும். குரைப்பதே அபூர்வம். கோழியைக் கண்டால் மட்டும் சொல் பேச்சுக் கேட்காது, வெளியே போனால் கயிற்றை விடக்கூடாது. குளிர் தாங்காது, போர்த்திவிட வேண்டும். அவ்வளவுதான். நீ வேலை செய்கிற மேஜைக்கடியில் துணையாகக் கிடக்கும். ஒத்துவரும். நான் சொல்கிறேன்.

ஆனால், உனக்கு வேணுமா என்று கேட்டதற்கு, அவரைக் கேட்டுச் சொல்கிறேன் ஆயா என்றாயே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கால் ஒடிந்த ஆட்டுக்குட்டியை ரோட்டிலிருந்து தூக்கிவந்து, யாரையும் கேட்காமல் என் கட்டிலில் படுக்கவைத்தவள் நீ. உன் மனசில் இருப்பதைச் சொல்ல, எப்போதிலிருந்து இன்னொருத்தர் உத்தரவு வேண்டியிருக்கிறது?

நாயை விட வந்த அன்று மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கவேயில்லை. ஹாரன்தான் அடித்தார். நீ அள்ளிப்போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினாய். காரில் ஏறிக் கையை ஆட்டினபோது வளையல் முழங்கை வரைக்கும் சரிந்தது. கல்யாணத்தன்று சோப்புப் போட்டு நான் ஏற்றின வளையல் அது. நான் கேட்காமலே, வேலை ஜாஸ்தி ஆயா என்றாய். பாஞ்சாலியும் மற்றவர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். நாய் ஏன் இளைத்திருக்கிறது என்று கேட்கத் தெரிந்த இந்த ஊரில், உன்னைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்கு வாய் வரவில்லை.

எலும்பு தெரிவது பிஸ்கட்டுக்குப் பிறவி. உனக்கு அப்படி இல்லை கண்ணு. வளர்த்தவளுக்குத் தெரியும்.

நாயைக் கூட்டி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் போகட்டும், நீ மட்டும் ரயிலேறி மொரப்பூரில் இறங்கு. நானும் பிஸ்கட்டும் ஸ்டேஷனில் நிற்போம். திரும்பிப் போக இப்போதே டிக்கெட் எடுக்காதே.

நீ நிறைந்த வயிற்றோடு நூறு வயது இருக்க வேண்டும் சாமி.

உன் ஆயா
ராமக்காள்