ஆயுள் முடிந்த வாயிற்சொல்

மலைமுகடுதோறும் மழை தவழும் முகிற்பாடி நாட்டின் மணிமுடி தாங்கிய மாமன்னர், குடிகாத்த செழுங்கோ வளவேந்தர் திருவடிகளுக்கு, வடவெல்லை நீலக்கல் கோட்டையின் அமைச்சன் நன்னாகன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் கொடி உயர்க. தலைநகரின் ஏரிகள் நிறைக.

இங்கே நலமில்லை, வேந்தே.

கோட்டைக்குள் நுழைவோர் உரைக்கவேண்டிய வாயிற்சொல், மாதப் பிறப்பன்று கதிர் எழும்போது ஆயுள் முடிந்து செல்லாததாகும் என்பதும், புதிய சொல் அதற்கு முன்னரே தலைநகரிலிருந்து வந்துசேரும் என்பதும், செல்லாச் சொல்லுக்குக் கதவு திறந்த காவலன் தலை கொய்யப்படும் என்பதும் தங்கள் முன்னோர் வகுத்த விதி. இம்மாதம் சாரணியாறு கரைபுரண்டு பாலத்தைக் கொண்டுபோயிற்று. புதிய சொல்லைச் சுமந்த தூதன் வரவில்லை. பழைய சொல்லோ தன் நாளில் தவறாமல் மாண்டது.

அன்று காலை, பள்ளத்து வயல்களில் நெற்கட்டுகளைக் காக்கப் போயிருந்த கோட்டை மக்கள், வெள்ளம் துரத்த ஓடிவந்து வாயிலில் நின்று "செம்பருந்து, செம்பருந்து" என்று கூவினார்கள். வாயிற்காவலன் எயினன் அவர்கள் எல்லாரையும் அறிவான். தாழ்ப்பாளுக்குப் போன அவன் கை பாதியில் நின்றது.

"அந்தச் சொல் விடியலோடு போய்விட்டது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்," என்று அவன் மேலிருந்து கெஞ்சினான்.

இவ்வோலை எழுதும் நன்னாகன் மதிலேறி வந்தான். திற என்று சொல்ல அவனுக்கு உரிமையில்லை. திறவாதே என்று சொல்ல நா எழவில்லை. முழங்கால் நீரில், இடுப்பில் குழந்தையோடு நின்ற பூதி, எயினனின் மனைவி, அண்ணாந்து கேட்டாள்: "ஆயுள் முடிந்தது சொல்லுக்குத்தானே? எங்களுக்குமா முடியவேண்டும்?"

எயினன் திறந்தான்.

கடைசி ஆள் உள்ளே வந்ததும் மீண்டும் தாழிட்டு, தன் ஈட்டியை நன்னாகன் காலடியில் வைத்தான். "விதி எனக்குத் தெரியும் ஐயா. பிள்ளை தூங்கியபின் என்னைக் கட்டுங்கள்," என்றான்.

கட்டியாயிற்று. வாயில்விதி மீறப்பட்டதை அறிவிக்கும் செங்கொடியும் விதிப்படி ஏறிற்று. அதைக் கண்டு மேட்டுப் பாசறையிலிருந்து, தண்டனை நிறைவேற்றும் தண்டத்தலைவர் கொலைவாளுடன் வந்து வாயிலில் நிற்கிறார். அவருக்கும் புதிய சொல் தெரியாது. சொல் அறியாதவரை உள்ளே விடுவதற்கில்லை என்று நன்னாகன் விடையிறுத்தான். அதுவும் தங்கள் விதியே. கதவை உடைக்க அவருடைய வீரர் மரம் வெட்டும் ஓசை இதை எழுதும்போதும் கேட்கிறது. அது ஓயுமுன் தங்கள் விடை வரவேண்டும், வேந்தே.

பகைவர் வேவு பார்க்கும் பெருங்கோட்டைகளுக்கு மாதந்தோறும் சொல் மாறுவது தகும். ஒருவரையொருவர் முகம் பார்த்தே அறியும், வீடு போன்ற இச்சிறு கோட்டைக்கு அந்த ஆயுள்வரையறையை நீக்கியருள்க. சொல் வெளியே கசிந்தது என்ற ஐயம் எழும் நாளில் மட்டும் மாற்றுக. அன்றும் புதியது கைக்கு எட்டும்வரை பழையதைச் சாகவிடாதீர்கள்.

பின்மதிலில் கயிறு கட்டி இறங்கி, ஆற்றை நீந்திக் கடக்கத் துணிந்த ஓட்டக்காரி மருதி கையில் இவ்வோலை வருகிறது. முத்திரை இட்டவன் நன்னாகன். ஆணை இடவேண்டியவர் தாங்கள். புதிய வாயிற்சொல்லாக "எயினன் வாழ்க" என்பதையே அனுப்பியருள்க. தண்டத்தலைவரும் அதை உரக்கச் சொல்லி உள்ளே வரட்டும்.