தீவுக்குப் போகும் லைன்

ஜனவரி 9

மறுபடி ஜலசந்திக் கரை மின்கோபுரம். தீவுக்கு மின்சாரம் போகும் லைனைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு ஃபோர்மன் யெர்கோவின் ஆட்கள் ஏறி, கம்பியைத் தாங்கும் ஓர் இன்சுலேட்டரைக் கழற்றி இறக்கினார்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். புது சிலிக்கோன் ரப்பரில் முத்து முத்தாய் உருண்டு ஓடியிருக்கும். இதில் படலமாய்ப் பரவி அப்படியே நின்றது. இரும்பு முனை சேருமிடத்தில் ரப்பர் வெடித்து, உள்ளே கண்ணாடி இழைத் தண்டு தெரிகிறது. முப்பது வருஷம் உழைக்கும் என்று வாங்கியது. பன்னிரண்டுகூட ஆகவில்லை.

யெர்கோ சொன்னார்: "இந்த உப்புக்காத்துல என் முட்டியே பத்து வருஷம் தாங்கல. ரப்பரைப் போய்க் குறை சொல்றீங்களே, இன்ஜினியரம்மா."

ஜனவரி 10

மேலதிகாரி ஸ்ரெச்கோவிடம் சொன்னேன். "ஓய்வு கிடைச்சா ரப்பர் தானா தேறிடும்னு கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க, திஹானா?"

சொன்னேன்தான். நீரை விரட்டும் குணம் திரும்பும். வெடிப்பு மூடாது. தண்டு நனைந்து, மின்கசிவில் உண்டாகும் அமிலத்தில் ஊறி, ஒருநாள் ஒடியும். கம்பி கடலில் விழுந்தால் தீவு முழுக்க வாரக்கணக்கில் இருட்டு.

"வசந்தத்துல பாத்துக்கலாம்" என்கிறார். வசந்தம் வரை புரா வீசாமல் இருக்குமா? மலையிலிருந்து இறங்கி, கடலைச் சீவி, உப்பைக் கம்பியில் அறைகிற காற்று அது. அதனிடம் யார் போய்ப் பேசுவது?

தலைவலி.

ஜனவரி 12

எழுத ஒன்றுமில்லை. சூப்பைக்கூடச் சூடு பண்ணாமல் குடித்தேன்.

ஜனவரி 15

அன்று கழற்றிய வெடித்த இன்சுலேட்டரை ஸ்ரெச்கோவின் மேசையில் வைத்தேன். "வசந்தம் வரைக்கும் தாங்கும்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் வீட்டுக்குப் போயிடறேன்."

அதை ஓரமாய்த் தள்ளிவிட்டு நாட்காட்டியை இழுத்தார். பிறகு, "ரெண்டு நாள் நிறுத்திக்கோங்க. அறிவிப்புல உங்க பேரைத்தான் போடுவேன்" என்றார்.

போடட்டும்.

ஜனவரி 16

அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தீவிலிருந்து தங்கை பெரினா கூப்பிட்டாள். அவள் பண்ணையில் செம்மறிகள் குட்டி போட்டு, பால் கறக்கிற சமயம்.

"உனக்கு வேற மாசமே கிடைக்கலையாக்கா? பாலை எங்க வச்சுக் குளிர வைக்கிறது, உன் ஆபீஸ்லயா?"

"ஜெனரேட்டர் இருக்கே—"

"அது கறவை மெஷினுக்கே மூச்சு வாங்குது."

வைத்துவிட்டாள். கூடப் பிறந்தவளுக்கே புரியவைக்க முடியவில்லை. ஊருக்கு என்ன சொல்ல.

ஜனவரி 20

லைனை நிறுத்திய இரண்டு நாளில் இன்சுலேட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. பழையதில் ஒன்றை லாரியில் ஏற்ற யெர்கோ தூக்கினார். மளுக்கென்று இரண்டாய் ஒடிந்தது. அவர் உடைந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து இதுக்குக் கீழ உக்காந்துதான் சாப்பிட்டேன்."

பெரினா ஒரு நாள் பாலை அப்படியே கொட்டினாளாம். அவள் கணவன் சொன்னான். அவள் என்னைக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 2

புரா. படகு ஓடவில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் உப்பு. போன் அடித்தது. யெர்கோதான் — "கம்பி ஆடுது. ஆனா நிக்குது."

பிப்ரவரி 5

காற்று அடங்கிவிட்டது. லைன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆபீசில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஸ்ரெச்கோ தன் காரில் விழுந்த கிளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பெரினா கூப்பிட்டாள்.

"அவ்வளவு காத்துலயும் இங்க விளக்கு இமைக்கக்கூட இல்ல, தெரியுமா? பின்ன எதுக்கு அந்த ரெண்டு நாள் நிறுத்தின? சும்மாதானே?"

ஒடிந்த தண்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குப் பின்னால் கறவை மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சும்மாதான்னு வச்சுக்கோயேன்."

"அப்படித்தான் வச்சிருக்கேன்." மெஷின் சத்தம் நின்றது. "ஞாயித்துக்கிழமை வா. ஆட்டுக்கறி வைக்கிறேன்."

சரி என்றேன். அன்று காலையில் கொஞ்சம் அதிகமாய்த் தூங்கிவிட்டு இரண்டாவது படகில் போகலாம்.