உள்ளே பத்து, வெளியே ஐந்து

4-10-1999, திங்கள்

கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி பிராங்கிளின் சார் கூப்பிட்டார். "டெய்சி, சனிக்கிழமை ஒரு டெமோ கிளாஸ் எடும்மா. சி லாங்குவேஜ்ல லூப். பசங்களுக்குப் புரிஞ்சா டீச்சர் வேலை உனக்கு."

தலையாட்டினேன். நானா? பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து வருகிறவள் நான்!

அப்பா சொன்னது: "கெடைச்சாப் போ. இல்லைன்னா வத்தலக்குண்டு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி விட்டுருவோம்." வீட்டின் முதல் டிகிரிக்கு ஆயுசு இம்புட்டுத்தானா?

6-10, புதன்

தங்கை ஜோஸ்பினை உட்காரவைத்து, ஒரே வேலையைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் செய்வதுதான் லூப் என்று பாடம் நடத்தினேன். தூங்கிவிட்டாள். எழுப்பினால், "நீ பேசினியாக்கா?" என்கிறாள்.

7-10, வியாழன்

சாயங்கால ஜெபமாலையின்போது பளிச்சென்று பட்டது. ஒரு பரலோக மந்திரம், பிறகு பத்து அருள் நிறைந்த மரியே. இப்படி ஐந்து முறை. லூப்புக்குள் லூப்! "ஜெபத்துல என்னடி சிரிப்பு?" — அம்மா கிள்ளினாள். அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.

9-10, சனி

டெமோ கிளாஸ் முடிந்தது.

ஜெபமாலையையே புரோகிராமாக எழுதினேன். குரல் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை. கடைசி பெஞ்சில் சார் கடிகாரம் பார்க்கிறார். புரோகிராமை ஓட்டினால் — முதல் பத்து சரி. அப்புறம் வெறும் பரலோக மந்திரமாக நாலு வரி. முடிந்தது ஜெபமாலை!

முதல் பெஞ்சுப் பையன் பெலிக்ஸ் எழுந்தான். "அக்கா, இதை எங்க வீட்டுக்குக் குடுங்க. எங்கம்மா ஆரம்பிச்சா முடியவே மாட்டேங்குது."

"போடா, மாதா கோவிச்சுக்குவாங்க" — பின்னாலிருந்த அல்போன்சா. ஒரே சிரிப்பு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் விடவில்லை. "எதுக்குக்கா கஷ்டம்? அம்பதையும் அம்பது வரியா எழுதிருவோம்."

எனக்கு என்ன வந்ததோ! "ஏலே, அப்புறம் லூப்பு எதுக்குலே? பத்து மணி உருட்டி முடிச்சா, அடுத்ததுக்கு மறுபடி மொதல்லருந்துதானே எண்ணுவ? உள் லூப்போட எண்ணிக்கை பத்துலயே நிக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் அதைப் பூஜ்யமாக்கணும், நான் மறந்துட்டேன்!"

கத்தியது நான்தானா? ஒரு வரி சேர்த்தேன். ஐம்பதும் வரிசையாக இறங்கின. "ஆமென்" என்றான் பெலிக்ஸ்.

சார் எழுந்து மாடியிறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான் போல. பாடம் நடத்துகிறவள் "ஏலே" என்பாளா?

13-10, புதன்

டீச்சராகி மூன்றாம் நாள், காலை பேட்ச்சிலேயே தொண்டை கட்டிவிட்டது. மாலை பேட்ச்சுக்குள் சரியாக வேண்டும். அம்மா பிளாஸ்கில் சுக்குத் தண்ணி கொடுத்து விட்டிருக்கிறாள்.

"மெதுவாச் சொல்லுங்கக்கா, பக்கத்து டைப்ரைட்டிங் கிளாஸ்லருந்து சண்டைக்கு வாராங்க" என்கிறான் பெலிக்ஸ்.