என் ரத்தத்தில் ஒன்றுமில்லை

ஜூன் 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மலை உச்சியில் மேகம். லேபில் வெறும் வயிற்றோடு ஒரு கூட்டம். காத்திருக்க வைத்ததற்காக ஒருவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். கேட்டுக்கொண்டே அவருக்கு ரத்தம் எடுத்தேன்.

கூட வேலை பார்க்கும் நந்தினி: "பழைய ஏழுமலை சாரா இருந்தா அந்த ஆளு ஓடியிருப்பான். உங்களுக்கு இன்னா சார் ஆச்சு?"

எனக்கும் அதுதான் கேள்வி. கவனித்த வரை:

கோபம் – மூன்று மாதமாக இல்லை.
இட்லி – நாலிலிருந்து ஒன்று. எடை ஐந்து கிலோ கம்மி.
தூக்கம் – விடிவதற்கு வெகுமுன்பே முழிப்பு. பிறகு மின்விசிறியைப் பார்த்தபடி.
காபி – சூடு தெரிகிறது, ருசி தெரியவில்லை.
கிரிக்கெட் – யார் ஜெயித்தார்கள்? யாரோ.

சாயங்காலம் மாடிப்படியில் ராவ். ஆசிரமத்தில் உட்காருவதற்காகவே நெல்லூரிலிருந்து வந்து எங்கள் மாடியில் குடியிருப்பவர். கை கூப்பினார். "சார், உங்க முகத்துல அப்படி ஒரு சாந்தி. நான் ஆறு வருஷமா கண்ண மூடி உக்காருறேன், வரல. உங்களுக்கு எப்படி?"

தெரியாது என்றேன். அதையும் உபதேசமாக எடுத்துக்கொண்டு தலையாட்டியபடி போனார்.

ஜூன் 10, புதன்

காய்கறி: கத்தரி, முருங்கை. வாங்க மறந்தேன். என் மனைவி செல்வி அப்பளம் பொரித்துச் சமாளித்தாள்.

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என் காதில் விழுந்தது: "அவரா? இப்பெல்லாம் குரலே எழும்பறதில்லடி. எது போட்டாலும் சாப்ட்டுட்டுப் போறாரு. இத்தினி வருஷம் கிரிவலம் சுத்துனது வீண் போவல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் இந்தச் சிரிப்பை அதிகம் கேட்டதில்லை. காரணம் நான்தான். ஒருமுறை சாப்பாட்டுத் தட்டையே சுவரில் வீசியவன். இப்போது வீடு நிம்மதியாக இருக்கிறது. இதைப் போய் வியாதி என்று சொல்வதா?

ஜூன் 12, வெள்ளி

நந்தினியிடம் எனக்கே ரத்தம் எடுக்கச் சொன்னேன். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. நானே இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் நார்மல்.

நார்மல் ரிப்போர்ட்டைப் பார்த்து ஏமாந்தது இதுதான் முதல்முறை. "ஒண்ணும் இல்ல, தைரியமா போங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். சிலர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். ரிப்போர்ட் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூன் 14, ஞாயிறு

சென்னையிலிருந்து மகள் கவிதா போன். வேலை கிடைத்துவிட்டது. "அப்பா, முதல்ல உனக்குத்தான் சொல்றேன்." சரிம்மா என்றேன். "அவ்வளவுதானாப்பா?" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

சந்தோஷத்தை உள்ளே தேடினேன். நரம்பு கிடைக்காத கையைத் தடவித் தடவிப் பார்ப்பதுபோல. கிடைக்கவில்லை. பயம் மட்டும் கிடைத்தது.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். நேற்று செங்கம் ரோட்டைக் கடக்கும்போது பஸ் வந்தது. பார்த்தேன். வேகமாக நடக்கத் தோன்றவில்லை. டிரைவர் பிரேக் போட்டு, "வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார். சொல்லிவிட்டு வரவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

ராவிடம் கேட்டேன். "சாந்தி வந்தா காபி ருசிக்குமா, ருசிக்காதா?"

விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை அவர், நல்ல மனிதர். படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "எனக்கு முழுசா வரல சார். ஆனா ஒரு சில நாள் நல்லா உக்காந்து எழுந்தா, வெறும் மோர் கூட அமிர்தமா இருக்கும். ரோட்ல போற நாயைக் கண்டாக்கூட பிரியமா இருக்கும்."

அப்படியானால் எனக்கு வந்திருப்பது அது இல்லை. எனக்கு நாயும் ஒன்றுதான், மகளும் ஒன்றுதான்.

நந்தினியிடம் பாதி சொன்னேன். மீதியை அவளே சொன்னாள். "பெரியாஸ்பத்திரில மனநல ஓபி இருக்குது சார். எங்க அண்ணன் அங்கதான் காட்டுனாரு. இப்ப வேலைக்குப் போறாரு." யூரின் டெஸ்டுக்கு டப்பா கொடுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

ஜூன் 18, வியாழன்

மதியம் செல்வியிடம் சொன்னேன். பஸ் விஷயத்தையும்.

"நிம்மதியா இருக்கீங்கன்னு நெனச்சேனே," என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள். பிறகு, "மாத்திரை போட்டா பழையபடி கத்துவீங்களா?"

நியாயமான கேள்வி. தெரியவில்லை என்றேன். அடுப்பை அணைத்தாள். புடவை மாற்றப் போனவள் திரும்பி வந்து, "இன்னிக்கி ஓபி முடிஞ்சிருக்கும்ல?" என்றாள்.

ஜூன் 19, வெள்ளி

ஓபி சீட்டு. மாதாமாதம் சர்க்கரை பார்க்க என்னிடம் வருபவர் வரிசையில். "நீங்க இன்னா சார் இங்க, ரத்தம் எடுக்கவா?" காட்டிக்க வந்தேன் என்றேன். நகர்ந்து உட்கார இடம் விட்டார். அவ்வளவுதான். தெரிந்தவர் பார்த்துவிடுவாரே என்று பயந்தா வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பார்த்தேன்?

டாக்டர் சின்னப் பெண். தூக்கம், பசி, வேலை எல்லாம் கேட்டுவிட்டு, நேராக: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

"சாகணும்னு இல்ல. போனா போகட்டும்னு."

செல்வி என் முழங்கையைப் பிடித்தாள். விடவே இல்லை.

டிப்ரஷன் என்றார் டாக்டர். எந்த டெஸ்டில் தெரியும் என்று கேட்டேன். "நீங்க பேசுறதுலதான்." இத்தனை வருடம் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவனுக்கு இது பெரிய ஆச்சரியம். வாயைத் திறந்தால்தான் தெரிகிற வியாதி!

மாத்திரை: இரவு ஒன்று. கேட்க சில வாரம் ஆகும். நானாக நிறுத்தக் கூடாது. போனா போகட்டும் நினைப்பு ஜாஸ்தியானால் உடனே வரவேண்டும், செல்வியிடமும் சொல்லவேண்டும். வெள்ளிதோறும் கவுன்சலிங்.

செல்வி கத்தலைப் பற்றிக் கேட்டேவிட்டாள். "அதையும் பேசுவோம்மா," என்றார் டாக்டர். "அதுவும் சும்மா வந்திருக்காது."

ஜூன் 29, திங்கள்

பௌர்ணமி. ரோடெல்லாம் ஜனம், லேபுக்கு நடந்தே போனேன். குமட்டல். வாய் வறட்சி. வேறு மாற்றம் இல்லை. நிறுத்திவிடலாமா என்று மூன்று முறை நினைத்தேன். செல்வி மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும் வரை நிற்கிறாள்.

ஜூலை 12, ஞாயிறு

நேற்று சாயங்காலம் தூறல். காலை ஐந்தரை வரை தூங்கினேன். தோசை இரண்டு, மூன்றாவது நானே கேட்டேன்.

பத்து மணிக்கு ராவ், பின்னால் வெளியூர்க்காரர்கள் இருவர், பழத்தட்டோடு. "சார், ஒண்ணும் பேச வேணாம். சும்மா இவங்க எதிர்ல உக்காந்தா போதும்." அவர்களில் ஒருவர் என் காலைத் தொடக் குனிந்தார்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ராவ் சார்! எனக்கு இருந்தது சாந்தி இல்ல, வியாதி! மாத்திரை சாப்பிடுறேன்! பெரியாஸ்பத்திரி ஓபி சீட்டு இருக்குது, காட்டட்டுமா?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ராவ் தட்டோடு, வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். பாவம், நாளைக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்.

முகம் சூடு. திரும்பினால் செல்வி, கையில் மாவுக் கரண்டி. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. பயந்துவிட்டாளா என்று பார்த்தேன்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

"பாதி வந்திருக்கேன்."

"மீதிய கத்தாம கூட்டிட்டு வாங்க."