ஒரு கட்டு மிலாறும் உன் காஸ் அடுப்பும்

லிந்துலை,
24.7.1961

அன்பு மகன் கணேசமூர்த்திக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதுகிறேன். உன் சுகத்துக்கும் அவளே துணை.

உனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று எழுதினேன். உன் பதிலில் பிள்ளையைப் பற்றி இரண்டு வரி, நீ சமைக்கும் கொழும்பு வீட்டுக்கு வந்த காஸ் அடுப்பைப் பற்றி ஒரு பக்கம். நாடே காஸுக்கு மாறினால் விறகுச் செலவு குறைந்துவிடும் என்று அந்த வீட்டு எசமான், உன் மாத்தயா, சொன்னாராம். உனக்குப் புத்தி எங்கே போயிற்று? காஸ் வந்த பிறகு நாலு வேளை வெந்நீர், தினமும் கேக், பழைய விறகு அடுப்பும் அணையவில்லை என்று அதே கடிதத்தில் எழுதியவன் நீதானே, அப்புறம் எதைக் குறைத்தார்கள்? இங்கே தேயிலை பெக்டரிக்குக் கரண்டு வந்தபோதும் இதே கதைதான் சொன்னார்கள். இப்போது மெஷின் கூடுதலாக ஓடுகிறது, கூடுதல் கொழுந்து அரைபடுகிறது, அத்தனையையும் காயவைக்க நான் விறகு போடும் அடுப்பு இரண்டு மடங்கு தின்கிறது. அதுவும் போதாமல், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, காலங்காலமாக நம் லயத்து வீடுகளின் அடுப்பில் எரிந்த மிலாறு, அதுவும் இனி பெக்டரிக்கே என்று தோட்டத்துத் துரை உத்தரவு.

உன் பெண்டாட்டி நாகலெட்சுமி பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள், இந்த ஆடி மழையில் பச்சை உடம்புக்காரியைக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கவைக்க முடியுமா? உன் அம்மா ஒரு கட்டு மிலாறு தூக்கிவந்தாள். "தொர உத்தரவு, நான் என்னா செய்ய அக்கா" என்று காவல்காரன் வழியிலேயே பிடுங்கிக்கொண்டானாம். மத்தியானம் அந்தக் கட்டு பெக்டரியில் என் அடுப்புக்கே வந்தது, அவளுடைய சேலைக் கிழிசலில் கட்டியபடியே. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தீயில் போடவில்லை. தோளில் ஏற்றிக்கொண்டு ஆபீஸ் முன்னாலேயே நடந்தேன். கிளாக்கர் ஓடிவந்து, "பொன்னையா, கட்ட எறக்கு, பேரு வெட்டிருவாங்க" என்றார். "என் பேத்தி குளிச்சப்புறம் வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தாயும் பிள்ளையும் வெந்நீரில் குளித்தார்கள். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் என் பேரைக் கூப்பிடவில்லை, இன்றைக்கும் இல்லை. வேலை போனால் நாம் குடியிருக்கும் லயக் காம்பராவும் போகும், அது உனக்குத் தெரியும். சங்கத் தலைவர் துரையிடம் பேசிப் பார்க்கிறார். நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

நீ ஆயுசோடு நன்றாக இரு. முப்பதாம் நாள் பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம், மறக்காதே. லீவு இல்லை என்று உன் மாத்தயா சொன்னால், உன் அப்பன் ஆபீஸ் முன்னால் நடந்த மாதிரி நீயும் அவர் முன்னாலேயே நடந்து வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
பொன்னையா