மெமரிக்கு வைத்த பொட்டு

மதினி, என் அண்ணனுக்கு வாக்கப்படும் முன்பே எனக்குச் சிநேகிதியானவளே,

நீ மஞ்சள் காமாலையில் போய் ஏழு மாதம் ஆகிறது. நம் அச்சுக் கடைக் கம்ப்யூட்டர் ஓடாமல் போய், நேற்றுத்தான் மறுபடி ஓடியது. இதைச் சொல்ல அருப்புக்கோட்டையில் எனக்கு ஓர் ஆள் இல்லை.

ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டதல்லவா? கல்யாணப் பத்திரிகையில் சாமி படத்தைப் போட்டாலே கம்ப்யூட்டர் மலைத்து நின்றுவிடுகிறது. மெமரியைக் கூட்டினால் சரியாகும் என்றார்கள். மதுரைக்குப் போய் வாங்கி வந்தேன். சீப்பு அகலத்தில் ஒரு சின்னப் பட்டை, அவ்வளவுதான். மாட்டும் விதத்தைக் கடைக்காரத் தம்பியே காட்டிக் கொடுத்தார்.

வீட்டு வழக்கப்படி அதைத் தட்டில் வைத்துச் சாமி முன்னால் வைத்தேன். பொட்டு வைக்கத்தான் கை எழவில்லை. முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்திறங்கிய நாள் நினைவிருக்கிறதா? அப்போது நான் தாலியறுத்து மூன்று வருஷம். சுவரோடு ஒதுங்கி நின்ற என்னை இழுத்துச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் திணித்தாய். "ஏ புள்ள, தெனமும் இதத் தட்டப் போறது நீ. நீ வைக்காம வேற யாரு வைப்பா?" என்றாய். அண்ணன் விலகி எனக்கு வழிவிட்டார். உன்னிடம் அவருக்கு எப்போதும் பயம்தான்.

இந்த முறை நானே துணிந்து வைத்தேன். எங்கே வைத்தேன் தெரியுமா? பட்டை முழுக்கக் கறுப்புச் சில்லுகள். விளிம்பில் மட்டும் தங்க நிறத்தில் ஒரு வரிசை, நகை மாதிரி மின்னியது. லட்சணமான இடம் என்று அங்கேயே மூன்று பொட்டு வைத்தேன். சிரிக்காதே.

பழைய மெமரியைக் கழற்றிவிட்டுப் புதியதை அழுத்தி மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் திரை இருட்டு. உள்ளேயிருந்து பீப், பீப், பீப் என்று சத்தம். அணைத்துப் போட்டாலும் அதே கூப்பாடு. பயந்துபோய்ப் பழையதையே திரும்ப மாட்டினேன், அதற்கும் அதே பீப். நரிக்குடிக் கல்யாண வீட்டார், பத்திரிகை மாதிரியை வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "வேற யாரையாச்சும் விட்டுப் பொட்டு வச்சிருக்கலாம்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒத்தையில ஒனக்கும் செரமந்தான். கடைய யாருக்காச்சும் கொடுத்துருவோம்."

அழுகைகூட வரவில்லை, மதினி. என் கை ராசியில்லாத கைதான் என்று நானே நம்பிவிட்டேன். உனக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியதும் இந்தக் கைதானே? அதையும் அப்போது நினைத்தேன்.

எதற்கும் பார்ப்போம் என்று பக்கத்து எஸ்டிடி பூத்திலிருந்து மதுரைக்குப் போன் செய்தேன். "அந்தத் தங்கக் கலர் வரிசையில ஏதாச்சும் ஒட்டியிருக்காக்கா?" என்று கேட்டார் கடைக்காரத் தம்பி. "ஒட்டியிருந்தா கரண்டு பாயாது. பென்சில் ரப்பரால தேய்ங்க. மாட்டுற பள்ளத்தையும் பிரஷ்ஷால தட்டிவிட்ருங்க."

வந்து பார்த்தால் என் பொட்டுகள் மூன்றும் காய்ந்து அப்பிக் கிடக்கின்றன. பள்ளத்துக்குள் சந்தனப் பொடி உதிர்ந்திருக்கிறது. பழையதும் ஓடாததற்கு அதுதான் காரணம்.

காரணம் தெரிந்த பிறகும் என்னால் உடனே தேய்க்க முடியவில்லை. பொட்டை அழிப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். என் நெற்றியில் அழித்த அன்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீதான். உன் மேசையைத் திறந்தேன். நீ பிழை திருத்தும் பென்சில் அப்படியே கிடந்தது, பின்பக்க ரப்பர் பாதி தேய்ந்துபோய். அதை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன்.

பள்ளத்தையும் சுத்தம் செய்து புதியதை மாட்டினேன். ஒரே ஒரு பீப். திரையில் மெமரி எண்கள் ஏறிக்கொண்டே போயின, பழைய அளவைத் தாண்டியும் ஏறின. "ஏ புள்ள, ஓடுது!" என்று கத்திக்கொண்டே உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். அதில் நரிக்குடிப் பெரியவர் தன் துண்டைப் போட்டு வைத்திருந்தார்.

அவர்கள் மாதிரியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். "சந்தனம் அப்பிக்கிருச்சுண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்று அண்ணனிடம் சொன்னேன். "அப்படியா" என்று பேப்பரைப் புரட்டினார். தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

கம்ப்யூட்டர் நின்றது சந்தனத்தால், என் கையால் இல்லை. அப்படியானால் உன் விஷயத்திலும் காமாலைதானே, மதினி? என் கை இல்லையே? நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு யார் சொன்னாலும் எனக்கு ஆறாது.

கடையை யாருக்கும் கொடுக்க விடமாட்டேன். இனி எந்தப் புதுச் சாமான் வந்தாலும் பொட்டு வைப்பது நான்தான், யாரையும் கூப்பிட மாட்டேன். வெளிப்பெட்டியின் மேல் வைப்பேன், பயப்படாதே.

உன் நாத்தனா,
பேச்சியம்மாள்