நீங்கள் இறங்கினீர்கள், நான் இறங்கவில்லை

என் அன்புக்கும் பொறாமைக்கும் உரிய கோமதி அக்கா,

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, இலத்தூரில் உங்கள் வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள் நான். தினமும் உங்கள் படத்தைத் துடைத்துப் பூ வைப்பவள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் சண்டை போடவும் வேண்டியிருக்கிறது.

முதலில் சேலை விவகாரம். ஆடி வெள்ளிக்கு உங்கள் படத்தின் முன்னால் கோடிச் சேலை வைத்துக் கும்பிடுகிறோம். கும்பிட்டு முடித்ததும் அதை நான் கட்டிக்கொள்ள வேண்டும். என் கூறைச்சேலையைக்கூட உங்கள் முன்னால் வைத்து எடுத்துத்தான் தந்தார்கள். பீரோவில் இருக்கிற நல்ல பட்டெல்லாம் நீங்கள் முதலில் உடுத்தி எனக்கு விட்டவை. மடிப்புக்கூடக் கலையாமல் எப்படித்தான் உடுத்துகிறீர்களோ!

அப்படி இருக்கையில்தான் உங்கள் மகள் உமா எங்களை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டாள். லண்டனில் வேலை பார்க்கிறாள், தெரியுமா? அங்கிருந்து ஸ்பெயின்காரர்களின் கேனரித் தீவுகளில் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். எரிமலை கக்கிய கருங்கல்லால் ஆன தீவு. அந்தக் கரட்டில் ஓட்டுவதற்கென்றே கம்பிக்கூடு மாதிரி ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள், பக்கி என்று பேர். வழிகாட்டும் பெண் தன் வண்டியில் முன்னே போவாள், நாம் வரிசையாகப் பின்னாலேயே ஓட்டிப் போக வேண்டும். பட்டாளத்தில் லாரி ஓட்டியவராயிற்றே நம் வீட்டுக்காரர். சாவி கைக்கு வந்ததும் பத்து வயது குறைந்துவிட்டது.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இந்த ஊருக்கு நீங்கள் வந்ததே இல்லையே! உமா பின்னால் ஏறிக்கொண்டாள். முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டபோது, இந்த இடம் எனக்கே எனக்கு வந்த கோடி என்று நினைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் கறுப்புச் சரளை. நடுநடுவே குழி தோண்டி, சுற்றிக் கல் அடுக்கி, ஒவ்வொரு குழியிலும் ஒரு திராட்சைக் கொடி வைத்திருந்தார்கள். “மழையே இல்லாத ஊர்ல பனியப் புடிச்சுக் கொடி வளக்கான் பாத்தியா? நம்ம ஊர்ல சாரல் அடிச்சும் வயலத் தரிசாப் போட்டுருக்கானுவ” என்றார். எனக்கு எங்கே கொடி தெரிந்தது? வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. இலஞ்சிக் குமரனைக் கூப்பிட்டபடி கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எரிமலை விளிம்பில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தினாள். இனி செங்குத்தான இறக்கம். நான் இறங்கிக்கொள்கிறேன் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் பின்னால் திரும்பி, “உமா, குண்டாத்து ஜீப்பு மாதிரில்லா இருக்கு! கல்யாணம் ஆன புதுசுல ஒங்கம்மையக் கூட்டிட்டுப் போனேன்” என்றார்.

குண்டாறு அணைக்கு மேலே, அருவிக்குப் பாறை பாறையாகக் குதித்து ஏறுமே, அந்த ஜீப். இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. கடல் தாண்டி எரிமலை மேல் ஏறினாலும் அங்கேயும் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

“அம்மா பயந்தாளாப்பா?”

“பயந்தாளாவா? எறங்குதப்போ பாதி வழியில நிறுத்து நிறுத்துன்னு ஒரே சத்தம். இனி செத்தாலும் ஏறமாட்டேன்னு எறங்கிட்டா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி என்று சொல்லவும் வழியில்லை, தூசி புகாதபடி கண்ணைச் சுற்றி மூடுகிற கண்ணாடி மாட்டிவிட்டிருந்தார்கள்.

“என்ன செண்பகம், பயமா இருக்கா? எறங்கிக்கிடுதியா?” என்றார்.

“யாரு, நானா? நீங்க விடுங்க. இன்னுங் கொஞ்சம் வெரசா விடுங்க!”

“சித்தி, சூப்பர்!” என்று உமா பின்னாலிருந்து கத்தினாள். வண்டியோடு சரிவில் இறங்கினோம். கம்பியைப் பிடித்த கை ராத்திரி சோறு பிசையக்கூட வரவில்லை. ஆனால் உங்களை ஜெயித்துவிட்டேன் என்று அப்படி ஒரு சந்தோஷம்.

சும்மா இருந்திருக்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுக்கும்போது, “அக்காவ விட்டுட்டு ஜீப்பு போயிட்டுதா? தனியாவா வந்தாங்க?” என்று கேட்டுவைத்தேன்.

“நானும் கூடவே எறங்கிட்டேன்லா. சாரல்ல நனைஞ்சிக்கிட்டு, பேசிக்கிட்டே நடந்தோம். கீழ வரதுக்குள்ள இருட்டிட்டு” என்றார். தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

போச்சா? தென்காசிக் கடைத்தெருவில்கூட அவர் என்னோடு சேர்ந்து நடந்ததில்லை. அவர் முன்னால் போவார், பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். அப்படி என்னதான் பேசினீர்கள், அக்கா? எரிமலையில் நானும் இறங்கியிருந்தால் அவரும் கூடவே இறங்கியிருப்பாரா? இல்லை, “இங்கனயே நில்லு, வந்து கூட்டிக்கிடுதேன்” என்று போயிருப்பாரா? ஊருக்கு வந்த பிறகும் இதுவே மனசில் கிடந்து அரிக்கிறது.

இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. நேற்று உமா போனில், ஜீப்பில் போன அன்றைக்கு அம்மா என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன். யோசிக்கவே இல்லை, “மயில்கழுத்து” என்றார். முந்தாநாள் நான் கட்டியிருந்ததைக் கேட்டால் விழிப்பார்.

அதனால் இந்த ஆடி வெள்ளிக்கு மயில்கழுத்து நிறத்திலேயே எடுத்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை முதலில் கட்டப்போவது நான். அதைக் கட்டிக்கொண்டு அவரோடு குண்டாற்று ஜீப்பில் ஏறுவேன். திரும்பும்போது பாதியில் நிறுத்தச் சொல்லி இறங்குவேன். அவர் இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி, நடந்துதான் வருவேன்.

அப்புறம் அலசிக் காயப்போட்டு, உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன். இது சத்தியம். மடிப்புக் கலைந்திருக்கும், ஓரத்தில் சேற்றுக்கறை இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கா கட்டியதைத் தங்கை கட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. தங்கை கட்டியதை அக்கா ஒரே ஒரு தடவை கட்டினால் என்ன?

இதுவரை உங்கள் சேலையைக் கட்டி வந்த தங்கை,
செண்பகம்